நம்புதலும் சார்தலும்

‘நம்பு’ என்பது தமிழில் மூன்றெழுத்தாலாகிய எளிய சொல். கற்றார், கல்லார் என்னும் வேறுபாடின்றி அனைவர் நாவிலும் நாள்தோறும் வழங்குவது. “அவன் சொன்ன செய்தியை நம்பினேன்” என்கிறோம். “தம்பியை நம்பிப் பெட்டிச் சாவியைக் கொடுத்தேன்” என்கிறோம். “மழையை நம்பி விதைத்தோம்” என்கிறோம். மூன்றிடத்தும் சொல் ஒன்றே. ஆயினும், சற்றே நின்று நோக்குவார்க்கு, மூன்று தொடரிலும் அச்சொல் உணர்த்தும் பொருள் ஒன்றன்று என்பது புலனாகும். முதல் தொடரில் ஒரு செய்தி மெய்யெனக் கொள்ளப்பட்டது. இரண்டாவதில் ஒருவனுடைய நேர்மை ஐயமின்றி ஏற்கப்பட்டது. மூன்றாவதிலோ விதைநெல் மண்ணுக்குள் போய்விட்டது. மழை பொய்த்தால் அந்நெல் மீளாது.

இம்மூன்று பொருளுக்கும் ஆங்கிலத்தார் மூன்று சொற்களை வழங்குகின்றனர். முதலாவது ‘பிலீவ்’ என்பது. இரண்டாவது ‘டிரஸ்ட்’ என்பது. மூன்றாவது ‘ரிலை ஆன்’ என்பது. ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் இம்மூன்றற்கும் அகராதியில் ‘நம்பு’ என்னும் ஒரே பொருளைக் கண்டு, மூன்றும் ஒன்றே என மயங்கி, ஒன்று நிற்கவேண்டிய இடத்தில் மற்றொன்றை எழுதி விடுகின்றனர். ‘டிரஸ்ட்’ என்பதும் சில இடங்களில் மற்ற இரண்டின் எல்லையிலும் புகும் என்பது உண்மையே. ஆயினும் அவற்றின் நடுப்பொருள் வேறு வேறு ஆகும்.

ஆற்றின்மேல் பழைய பாலம் ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். “இப்பாலம் உறுதியானது” என்று அதனைக் கட்டிய பொறியாளர் கூறுகிறார். கரையில் அமர்ந்து அதனைக் கேட்டவன் ஒருவன், “ஆம், அவ்வாறே இருக்கும்” எனத் தலையசைக்கிறான். அவன் செய்தது ‘பிலீவ்’. மற்றொருவன், “இவர் பொய் கூறும் இயல்பினர் அல்லர், கூலிக்காகக் கலவையில் மணலை மிகுக்கும் சிறுமையும் இவரிடம் இல்லை” என்று அப்பொறியாளரின் பண்பைக் கருதுகிறான். அவன் செய்தது ‘டிரஸ்ட்’. மூன்றாமவன் நெல்மூட்டைகள் ஏற்றிய வண்டியைப் பாலத்தின்மேல் ஓட்டிச் செல்கிறான். அவன் செய்ததே ‘ரிலை ஆன்’. முன்னையோர் இருவரும் பிழைபட்டாராயினும் அவர்க்கு வரும் இழப்பு ஒன்றுமில்லை. மூன்றாமவன் பிழைபட்டானாயின் வண்டியும் போகும், மாடும் போகும். “மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?” என்னும் நம் பழமொழியிலுள்ள நம்புதலும் இவ்வகையினதே. அக்குதிரையை மெய்க்குதிரை என்று நினைத்ததனால் மட்டும் ஒருவனுக்குக் கேடு வரவில்லை. அதன் முதுகில் ஏறி நீரில் இறங்கியதனாலேயே கேடு வந்தது.

ஆகவே, ‘ரிலை ஆன்’ என்பது நெஞ்சின் நிலையை மட்டும் கூறும் சொல் அன்று. தன் காரியத்தின் சுமையை மற்றொன்றன்மேல் வைத்து நிற்கும் நிலையைக் கூறுவது. அன்புக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உழவன் மழையை நம்பி விதைக்கின்றானேனும், அதன் நேர்மையில் அவனுக்குப் பெரிய மதிப்பு உண்டு என்று சொல்ல இயலாது. சதுரங்கம் ஆடுவோன் எதிரியின் அவசரப் புத்தியை நம்பிக் காயை நகர்த்துகிறான். அவ்வெதிரியை அவன் ஒருபோதும் ‘டிரஸ்ட்’ செய்யான். மறுபுறம், ஒரு முதியவர் தம் பழைய நண்பரின் நேர்மையில் எள்ளளவும் ஐயம் இல்லாதவராய் இருந்தும், அந்நண்பரிடம் ஒரு நாளும் ஓர் உதவியும் நாடாமலே இருந்துவிடலாம். அங்கே ‘டிரஸ்ட்’ உண்டு. ‘ரிலை ஆன்’ என்பதற்கு இடம் நேரவில்லை.

இனி இச்சொல்லின் அமைப்பைக் காண்போம். ஆங்கிலத்தில் வினைச்சொல்லும் சிறிய இடைச்சொல்லும் கூடி ஒரு பொருள் தரும் தொடர்கள் பல உள்ளன. ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பேணு. தமிழிலும் ‘கைவிடு’, ‘மேற்கொள்’ என்பன இத்தகையனவே. கையையும் விடுதலையும் தனித்தனியே அறிந்தவன் கைவிடுதலின் பொருளைத் தானே அறிந்துகொள்வான் என்பதற்கில்லை. ஆனால் ‘ரிலை ஆன்’ என்பதில் ஒரு தனித்தன்மை உண்டு. ‘கிவ்’ என்பதும் ‘லுக்’ என்பதும் துணையின்றியும் நடமாடுவன. ‘ரிலை’ என்பதோ இக்கால வழக்கில் ‘ஆன்’ என்பதையோ, அதே பொருளில் சற்றுப் பெருமிதமாக ஒலிக்கும் ‘அப்பான்’ என்பதையோ விட்டு ஓரடியும் நகராது. மற்றொன்றைச் சார்ந்து நிற்றலைக் கூறும் சொல் தானும் மற்றொரு சொல்லைச் சார்ந்தே நிற்கின்றது!

தமிழ் மாணவர் பெரிதும் தவறும் இடமும் இதுவே. ‘உன்னை நம்புகிறேன்’ என்னும் தொடரில் ‘ஐ’ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு வந்திருத்தலின், அதனை மொழிபெயர்ப்போர் ‘ஐ ரிலை யூ’ என்று எழுதிவிடுகின்றனர். ‘ஐ பிலீவ் யூ’ என்பதும் ‘ஐ டிரஸ்ட் யூ’ என்பதும் அவ்வாறு அமைதலின், இதுவும் அவ்வாறே அமையும் என்பது அவர் எண்ணம். அது வழு. ‘ஐ ரிலை ஆன் யூ’ என்பதே முறை. ஒருவர் ஒரு செயலைச் செய்வார் என்று சார்ந்திருத்தலைக் கூற வேண்டின், ‘ஐ ரிலை ஆன் ஹிம் டு கம்’ என, ஆளை முன்னும் செயலைப் பின்னும் வைத்துச் சொல்லல் வேண்டும். ‘பிலீவ் தட்’ என்று ஒரு முழுத்தொடரைப் பின்னே சேர்ப்பது போல ‘ரிலை தட்’ என்று சேர்த்தல் இன்றைய ஆங்கிலத்துக்கு ஏலாது.

இன்னும் ஒன்று. ‘ஐ ஆம் பிலீவிங் யூ’ என்று பொதுவாக ஆங்கிலேயர் கூறார். கொண்ட கருத்து ஒரு நிலையே அன்றி நடந்துகொண்டிருக்கும் செயல் அன்று என்பது அவர் மரபு. ‘ஐ ஆம் ரிலையிங் ஆன் யூ’ என்பதோ வழக்கில் உள்ள நல்ல தொடர். “இந்நேரத்தில் என் சுமை உன்மேல் இருக்கிறது, மறந்துவிடாதே” என்னும் குறிப்பு அதில் ஒலிக்கும். பயணத்துக்கு ஊர்தி ஏற்பாடு செய்வதாகச் சொல்லிச் சென்றவனிடம் மற்றவர் சொல்லும் சொல் அது.

சார்தலுக்கு ‘மேல்’ என்னும் பொருளுடைய ‘ஆன்’ ஏன் வந்தது என்பது ஆராயத்தக்கது. சுவரின்மேல் சாய்பவன் தன் உடலின் சுமையைச் சுவரின்மேல் வைக்கிறான். மற்றொருவரை நம்பி ஒரு செயலில் இறங்குவோன் தன் காரியத்தின் சுமையை அவர்மேல் வைக்கிறான். கண்ணுக்குத் தெரிந்த சாய்வைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத சாய்வை உணர்த்தினர். ஆங்கிலத்தில் ‘லீன் ஆன்’ என்னும் தொடர் இவ்விரண்டு சாய்வுக்கும் வருதல் காணலாம்.

இவ்விரண்டு சாய்வையும் வேறு பிரித்து, இரண்டாவதற்கெனத் தனியே ஒரு விதி வகுத்த பெருமை தமிழுக்கு உண்டு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்பது ஓர் இயல். ஒரு வேற்றுமைக்கு உரிய இடத்தில் மற்றொரு வேற்றுமை வந்து நிற்றலை அவ்வியல் ஆராய்கிறது. அதன் முதல் நூற்பாவே சார்தலைப் பற்றியது. சார்தல் என்னும் வினை இயல்பாக ‘ஐ’ உருபைக் கொள்ளும். ‘சுவரைச் சார்ந்தான்’ என்பதில் உடம்பு சுவரைத் தொடுகிறது. ‘வள்ளலைச் சார்ந்தான்’ என்பதில் உடம்பு எதனையும் தொடவில்லை. ஒருவனது வாழ்வு மற்றொருவனைப் பற்றி நிற்கிறது. இவ்வாறு மெய்யுற்றுச் சாராத சார்புக்குக் ‘கண்’ என்னும் ஏழாம் வேற்றுமை உருபும் உரியது என்கிறார் ஆசிரியர். அதன்படி ‘வள்ளல்கண் சார்ந்தான்’ எனவும் வரும். ‘கண்’ என்பது இடத்தை உணர்த்தும் உருபு. ஒருவரை நம்பி வாழ்வோனுக்கு, நம்பப்பட்டவர் செயப்படுபொருளாக மட்டும் இராமல் அவன் நிற்கும் இடமாகவும் ஆகிவிடுகிறார் போலும்! ஆங்கிலத்தின் ‘ஆன்’ என்பதும் இடத்தை உணர்த்தும் சொல்லே. ஒன்றோடொன்று உறவில்லாத இருமொழிகள் இவ்வாறு ஓரிடத்தில் வந்து கூடுதல் வியப்புக்குரியது. ‘ரிலை ஆன்’ என்பதில் ‘ஆன்’ ஏன் என்று வினவும் தமிழ் மாணவர், ‘வள்ளல்கண்’ என்பதில் ‘கண்’ ஏன் என்று வினவிப் பார்ப்பாராயின், இரண்டற்கும் விடை ஒன்றாதல் காண்பார்.

‘தற்சார்பு’ என்று இன்று நாம் வழங்கும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. அமெரிக்க அறிஞர் எமர்சன் 1841-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றின் பெயர் ‘செல்ஃப் ரிலையன்ஸ்’ என்பது. ‘ரிலை’ என்னும் வினையிலிருந்து பிறந்த பெயரே ‘ரிலையன்ஸ்’. அதற்கு நேராகத் ‘தன்னம்பிக்கை’ என்பதைவிடத் ‘தற்சார்பு’ என்பதே பொருந்தும். தன்னம்பிக்கை உடையவன் தன்னால் நீந்த இயலும் என்று கருதுகிறான்; தற்சார்பு உடையவன் பிறர் தோளைப் பற்றாமல் நீந்திக்கொண்டிருக்கிறான்.

‘ரிலை’ என்னும் சொல் ஆங்கிலத்துக்கு உரிய பழஞ்சொல் அன்று. இலத்தீன் மொழியில் கட்டுதலைக் குறிக்கும் ‘லிகாரே’ என்னும் வினையிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. எலும்போடு எலும்பைக் கட்டும் நாரினை உடல்நூலார் ‘லிகமெண்ட்’ என்பர். அதுவும் அவ்வேரிற் பிறந்ததே. ஆங்கிலத்தில் முதன்முதல் ‘ரிலை’ என்பதற்குச் சிதறியவற்றை ஒன்று சேர்த்தல் என்பதே பொருளாக இருந்தது. போரில் கலைந்தோடிய வீரர் மீண்டும் ஒரு கொடியின்கீழ் வந்து கூடுதலை அச்சொல் உணர்த்தியது. இன்று பேரணியைக் குறிக்கும் ‘ராலி’ என்னும் சொல் அதற்கு நெருங்கிய உறவு. கலைந்த படை எவரை நோக்கி ஓடிவந்து கூடுகிறதோ, அவரே அப்படைக்குப் புகல் அல்லவா? அவ்வழியாகவே, பதினாறாம் நூற்றாண்டில் ‘சார்ந்து நிற்றல்’ என்னும் இக்காலப் பொருள் தோன்றியிருத்தல் கூடும் என்பர் சொல்லாராய்ச்சியாளர்.

இதனோடு ஒத்த பொருளில் வேறு தொடர்களும் உண்டு. ‘டிபெண்ட் ஆன்’ என்பதில் உள்ள வினை, இலத்தீனில் தொங்குதலைக் குறிப்பது; கடிகாரத்தின் ‘பெண்டுலம்’ அதன் உடன்பிறப்பு. சார்பவன் நிற்கிறான், தொங்குபவனுக்கோ காலடியில் நிலமும் இல்லை. ஆதலின் வேறு வழியற்ற சார்பைக் கூற ‘டிபெண்ட் ஆன்’ ஏற்றது: கைக்குழந்தை தாயைச் சார்ந்திருத்தல் அது. ‘கவுண்ட் ஆன்’ என்பதில் எண்ணுதல் என்னும் பொருள் உள்ளது. விருந்துக்கு இத்தனை பேர் என எண்ணி இலை போடுபவன், வருவான் என்று உறுதியாகத் தெரிந்தவனையும் எண்ணிக்கையில் சேர்த்துவிடுவது போன்றது. ‘பேங்க் ஆன்’ என்பது அமெரிக்கரின் பேச்சு வழக்கிலிருந்து பரவியது. பள்ளிக் கட்டுரையில் அதனைத் தவிர்த்தல் நன்று.

‘ரிலை’ என்பதிலிருந்து ‘ரிலையபிள்’ என்னும் பெயரடை பிறந்தது. சார்ந்து நிற்கத்தக்கது என்பது அதன் பொருள். நேரம் தவறாத கடிகாரத்தையும், பிழையற்ற கணக்கையும், சொன்ன நாளில் வேலையை முடிக்கும் தச்சனையும் இச்சொல்லால் குறிக்கலாம். இன்று எவரும் தடையின்றி வழங்கும் இச்சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில இலக்கண வல்லுநர் பலர் இழித்துரைத்தனர் என்றால் வியப்பாக இருக்கும். அவர் கூறிய தடை இது: “வினையோடு ‘ஏபிள்’ என்னும் ஈற்றைச் சேர்த்தால், அவ்வினைக்குச் செயப்படுபொருளாகத் தக்கது என்று பொருள்படும். ‘ரிலை’ என்பதோ செயப்படுபொருள் குன்றிய வினை. அது ‘ஆன்’ என்பதன் துணையின்றிப் பெயரைத் தழுவாது. ஆகவே, ‘ரிலைஆனபிள்’ என்று சொல்ல இயலுமாயின் சொல்லுக. இயலாதாயின் ‘டிரஸ்ட்வொர்தி’ என்னும் நல்ல பழஞ்சொல் இருக்கவே இருக்கிறது.”

இத்தடைக்கு விடை கூறியோர், முன்னரே வழக்கில் ஊன்றிவிட்ட சொற்களை எடுத்துக் காட்டினர். நகைத்தற்குரியதை ‘லாஃபபிள்’ என்கிறோமே, ‘லாஃப் அட்’ என்பதிலுள்ள ‘அட்’ எங்கே போயிற்று? இன்றியமையாததை ‘இண்டிஸ்பென்சபிள்’ என்கிறோமே, ‘டிஸ்பென்ஸ் வித்’ என்பதிலுள்ள ‘வித்’ எங்கே? இவற்றை ஏற்றவர் ‘ரிலையபிள்’ என்பதை மட்டும் விலக்குதல் என்ன நீதி?

தமிழிலக்கணம் கற்ற மாணவர்க்கு இவ்வழக்கு வேடிக்கையாகத் தோன்றும். ‘வீட்டின்கண் வாழ்ந்தான்’ என்பதனைப் பெயரெச்சமாக்கி ‘வாழ்ந்த வீடு’ என்கிறோம்; ‘கண்’ மறைந்துவிடுகிறது. ‘கோலால் எழுதினான்’ என்பது ‘எழுதிய கோல்’ என ஆகும்போது ‘ஆல்’ மறைகிறது. வினைமுதல், கருவி, இடம், தொழில், காலம், செயப்படுபொருள் என்னும் ஆறு வகைப் பெயரையும் பெயரெச்சம் கொள்ளும் என்று நம் இலக்கணநூலார் வரையறுத்திருத்தலின், உருபு எங்கே போயிற்று என்று நம்மவர் எவரும் வழக்காடவில்லை.

‘ரிலையபிள்’ என்னும் சொல்லுக்காக 1877-ஆம் ஆண்டில் ஒரு தனிநூலே எழுதியவர் ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால் என்பவர். அவருடைய வாழ்க்கை வரலாறு இச்சொல்லின் பொருளுக்கே ஓர் உரை போன்றது.

ஹால் 1825-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் பிறந்தார். வீட்டை விட்டு ஓடிய தம்பி ஒருவனைத் தேடி 1846-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கங்கை முகத்தை அணுகுகையில் கப்பல் உடைந்தது. உயிர் பிழைத்துக் கரை சேர்ந்த அவர், காத்திருந்த காலத்தில் இந்நாட்டு மொழிகளைக் கற்கத் தொடங்கி, அவற்றின் சுவையில் ஈடுபட்டு இங்கேயே தங்கிவிட்டார். காசியில் இருந்த அரசினர் வடமொழிக் கல்லூரியில் ஆசிரியராகி, 1853-இல் பேராசிரியரும் ஆனார். 1852-இல் அவர் வெளியிட்ட பதிப்பே அமெரிக்கர் ஒருவர் பதிப்பித்த முதல் வடமொழி நூல் என்பர். பின்னர் 1862-இல் இலண்டன் சென்று, கிங்ஸ் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக அமர்ந்தார். இந்தியா அலுவலகத்து நூலகப் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது.

அங்கே அவருக்கு இடர் வந்தது. இதழ்களில் மற்ற அறிஞரோடு கடுஞ்சொற் போர் நடத்தும் இயல்பு அவரிடம் இருந்தது. அவ்வியல்பு அவருக்கு நண்பரைத் தேடித் தரவில்லை. 1869-ஆம் ஆண்டில் பதவியை இழந்தார். மொழியாராய்ச்சிக் கழகத்திலிருந்தும் நீக்கப்பட்டார். தம்மைக் குடியர் என்றும் அயல்நாட்டு ஒற்றர் என்றும் பழித்தனர் என்று அவரே கூறியிருக்கிறார். மனம் கசந்த ஹால், சஃபோக் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்று, தம் நூல்களோடு தனித்து வாழலானார். ‘ரிலையபிள்’ பற்றிய நூல் அவ்வொதுங்கிய வாழ்வில் எழுதப்பட்டதே. உற்றாரும் உலகும் நம்பாது விலக்கிய மனிதர், நம்பத்தக்கது என்னும் பொருளுடைய சொல்லுக்காக வாதாடிக்கொண்டிருந்தார்!

அதற்கு இரண்டாண்டுக்குப் பின், 1879-இல், ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பை ஜேம்ஸ் மரே என்பவர் ஏற்றார். தையற்காரர் ஒருவரின் மகனாய் ஸ்காட்லாந்துச் சிற்றூரில் பிறந்து, 14 வயதோடு பள்ளியை விட்டுத் தாமே பல மொழிகளைக் கற்றுப் பள்ளியாசிரியர் ஆனவர் அவர். அவ்வகராதியின் முறை புதுமையானது. ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில், எந்த நூலில், எப்பொருளில் வந்தது என்பதை மேற்கோளால் காட்டவேண்டும். அதற்காக நாடெங்கும் உள்ள ஆர்வலர் நூல்களைப் படித்து, சொல்லையும் அது வந்த தொடரையும் சிறுதாள்களில் எழுதி அனுப்பினர். அத்தாள்கள் பிழையற்றன என்று பதிப்பாசிரியர் சார்ந்து நின்றால் அன்றிப் பணி ஓரடியும் நடவாது. ஒவ்வொரு மேற்கோளையும் அவரே மூலநூலில் தேடிக் காண்பதற்கு ஒரு வாழ்நாள் போதாது.

மரே பொறுப்பேற்றபோது, முன்பு இருபதாண்டுகளாகச் சேர்ந்திருந்த ஏறத்தாழ 2 டன் தாள்கள் அவரிடம் வந்தன. அவற்றின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. ஒரு சாக்கில் செத்த எலி கிடந்தது; மற்றொன்றில் உயிருள்ள சுண்டெலி குட்டிகளோடு குடியிருந்தது. ‘எச்’ என்னும் எழுத்துக்குரிய தாள்கள் முழுவதும் இத்தாலி நாட்டில் அகப்பட்டன. ‘பி’ எழுத்தில் தொடங்கும் சொற்களுள் ஒரு பகுதிக்குரிய தாள்கள் அயர்லாந்தில் ஒரு குதிரைக் கொட்டிலில் கிடந்தன. அவற்றுள் பெரும்பகுதி அடுப்பு மூட்டுவதற்குப் பயன்பட்டுப் போயிருந்தது. தாள்களை ஏற்றுச் சென்றவர் எவரும் வஞ்சகர் அல்லர். நற்குடிப் பிறந்தோரும் கற்றோருமே. அவர் நேர்மையை ஐயுறுதற்கு இடமே இல்லை. அவர்மேல் வைத்த சுமையை அவர் தாங்கவில்லை என்பதே குறை. திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்னும் 51-ஆம் அதிகாரத்தை அடுத்துத் தெரிந்து வினையாடல் என்று மற்றோர் அதிகாரத்தை வள்ளுவர் தனியே வைத்தமைக்கு இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஒருவர் நல்லவர் என்று தெளிதல் வேறு. இவ்வினைக்கு இவர் உரியவர் என்று அதனை அவரிடம் ஒப்படைத்தல் வேறு.

இத்தகைய பணிக்குத்தான் ஹால் வந்து சேர்ந்தார். தாம் பல்லாண்டுகளாகப் படித்துக் குறித்து வைத்திருந்த மேற்கோள்களை எல்லாம் மரேக்கு வழங்கினார். அச்சுப்படிகள் அவருடைய சிற்றூருக்கு அஞ்சலில் சென்றன. அவர் நாள்தோறும் நான்கு மணி நேரம் அவற்றைப் பார்த்துத் திருத்தியும், விடுபட்டவற்றைச் சேர்த்தும் திருப்பி அனுப்பினார். ஏறத்தாழ இருபதாண்டுகள் இவ்வாறு நடந்தது. அவர் ஊதியம் பெறவில்லை. அவ்விருவரின் தொடர்பு முழுவதும் கடித வழியாகவே நிகழ்ந்தது. எக்கழகம் அவரை நீக்கியதோ, அக்கழகத்தின் முயற்சியால் தோன்றிய அகராதிக்கே அவர் இவ்வாறு உழைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இளமையில் கற்றோரோடு பூசலிட்ட அதே கூர்மை, அச்சுப்படியில் பிழை காணும் கூர்மையாக இங்கே பயன்பட்டது.

மரே, ஹாலின் நேர்மையைப் பற்றி ஊரார் கூறியதைக் கேட்டு முடிவு செய்தவர் அல்லர். அஞ்சலில் வந்த தாள்களைக் கண்டார். அவை சரியாக இருந்தன. மறுநாளும் சரியாக இருந்தன. அவற்றின்மேல் அகராதியின் சுமையை வைத்தார். ‘ரிலை ஆன்’ என்பதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

ஹால் 1901-ஆம் ஆண்டில் மறைந்தார். ‘ஆர்’ என்னும் எழுத்தில் தொடங்கும் சொற்கள் அப்போது அச்சேறவில்லை. ‘ரிலை’, ‘ரிலையபிள்’ ஆகிய சொற்கள் உள்ள அப்பகுதியைப் பின்னர் வில்லியம் கிரெய்கி என்பவர் பதிப்பித்தார். மரே 1915-இல் காலமானபோது ‘டி’ என்னும் எழுத்தில் அவர் பணி நின்றது. 4 இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களும் 18 இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களும் கொண்ட முழு அகராதி 1928-இல் நிறைவெய்தியது. மரே தம் இறுதிக்காலத்தில் ஆராய்ந்து முடித்த சொற்களுள் ‘டிரஸ்ட்’ என்பதும் ஒன்று.